நாகூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது எப்படி

பிள்ளைகளுக்கு ஒற்றுமையைச் சொல்லிக்கொடுக்க என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால், மேடை போடாதீர்கள் என்பேன். மூன்று மதத்துப் பெரியவர்களை வரிசையாக உட்காரவைத்து அன்பைப் பற்றிப் பேசவிட்டால், பதினைந்து வயதுப் பிள்ளை கைபேசியை எடுத்துவிடும். நானும் எடுத்துவிடுவேன்.

நாகப்பட்டினத்தில் எங்கள் வாசகர் வட்டத்துப் பிள்ளைகளோடு நான் செய்வதை எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிப்பவர்கள். உங்கள் ஊருக்கு ஏற்றபடி இடங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, வெவ்வேறு தெருப் பிள்ளைகளை ஜோடி சேருங்கள். பெற்றோரிடம் முன்பே போய்ப் பேசுங்கள்: எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம், வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயம் கிடையாது. இந்தக் கடைசி வார்த்தையைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

அப்புறம் ஒரே ஒரு விதி. ‘ஏன் இதை நம்புகிறீர்கள்?’ என்று யாரையும் கேட்கக் கூடாது. யார் கட்டினார்கள், யார் தூக்குவார்கள், யார் சமைப்பார்கள், யாருக்கு முதலில் கொடுப்பார்கள் என்று கேட்கலாம். நம்பிக்கையைக் கேட்டால் எதிரில் இருப்பவர் பதில் சொல்லத் தயங்குவார், அல்லது பிரசங்கம் செய்வார். வேலையைக் கேட்டால் உட்காரச் சொல்லிக் கதை சொல்வார்.

முதலில் நாகூர் தர்கா. செருப்பைக் கழற்றி, தலையில் துணி போட்டுக்கொண்டு உள்ளே போகலாம். எந்த மதத்தவருக்கும் தடை இல்லை. ஐந்து மினாராக்களில் உயரமானதைக் காட்டி, யார் கட்டியது என்று விசாரித்து வரச் சொல்லுங்கள். 131 அடி. கட்டியவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்று தெரிந்ததும் பிள்ளைகள் தாங்களே அடுத்த கேள்வியைக் கேட்பார்கள். பதிலை அவசரமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

அதன்பின் வாசல் கடைகளில் நேரம் செலவிடுங்கள். கண், கை, கால், வீடு என்று தகட்டில் வெட்டிய உருவங்கள் இருக்கும். நேர்ந்துகொண்டவர்கள் வாங்கிச் செலுத்துவார்கள். இதே மாதிரித் தகடுகளை வேளாங்கண்ணியிலும் மாரியம்மன் கோவில்களிலும் பார்க்கலாம். மொட்டை போடுவதும் மூன்று இடத்திலும் உண்டு. கொடியேற்றம்? வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29, நாகூரில் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரியின் தொடக்கம், கோவிலில் திருவிழாவின் முதல் நாள். இதை நீங்கள் சொல்லாதீர்கள். நோட்டில் இடத்துக்கு ஒன்றாக மூன்று பத்தி போட்டு அவர்களையே நிரப்ப விடுங்கள்.

எது ஒத்துப்போகவில்லை என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். எல்லாம் ஒன்றுதான் என்று முடிப்பது சோம்பேறித்தனம். தர்காவில் ஓதும் பாத்திஹா வேறு, கோவில் அர்ச்சனை வேறு, மாதா கோவில் பூசை வேறு. அந்த வேறுபாட்டை மரியாதையோடு எழுதத் தெரிந்த பிள்ளைதான் நாளைக்குச் சண்டையில் நிதானமாகப் பேசும்.

இனிப்பான வரலாற்றோடு நிறுத்தாதீர்கள். கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தார் என்பது பெருமையான கதை. நாகப்பட்டினத்தில் மிஞ்சியிருந்த பழைய பௌத்தக் கோபுரத்தை 1867-இல் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் ஆங்கில அரசின் அனுமதியோடு இடித்தார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். குழுவில் கிறிஸ்தவப் பிள்ளை இருந்தால் முகம் வாடும். அந்த இடத்தில் நான் பேச்சை மாற்றுவதில்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய முடிவுக்கு இவள் பொறுப்பா என்று மற்றவர்களையே கேட்பேன். இந்தக் கேள்வி வேறு மதத்துப் பிள்ளைகளுக்கும் பின்னால் பயன்படும்.

இதைவிடக் கடினமானது சாதி. எங்கள் பக்கத்தில் தர்காவுக்குள் போகத் தயங்காத குடும்பம், அடுத்த தெருவில் தண்ணீர் குடிக்கத் தயங்கும். அதனால் இரண்டாவது பயணம் கீழ்வெண்மணிக்கு. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே, தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட ஊர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. நினைவிடத்தில் உள்ள பெயர்களைப் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கட்டும். அங்கே செல்ஃபி கூடாது என்று பேருந்து ஏறும்போதே சொல்லிவிடுங்கள். இந்தப் பயணத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று சில வீடுகள் சொல்லும். வற்புறுத்தாதீர்கள், ஆனால் அதற்காகப் பயணத்தைக் கைவிடவும் வேண்டாம்.

திரும்பி வந்ததும் கட்டுரைப் போட்டி எதுவும் வைக்காதீர்கள். ஒவ்வொரு ஜோடியும் எழுதியதை, யாரிடம் கேட்டு எழுதினார்களோ அவரிடமே திரும்பக் கொண்டுபோய்ப் படித்துக்காட்ட வேண்டும். பூக்கடை அம்மா இருக்கலாம், தர்கா சாகிபு இருக்கலாம். ‘நான் அப்படிச் சொல்லலையே தம்பி’ என்று அவர் சொன்னால் அங்கேயே அடித்துத் திருத்தணும். உண்மையான பழக்கம் இந்த இரண்டாவது சந்திப்பில்தான் தொடங்குகிறது.

கடைசியாக, நாள் பார்ப்பது. கந்தூரி பிறைக் கணக்குப்படி வருவதால் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும், காலண்டரைப் பாருங்கள். கந்தூரியின் சந்தனக்கூடு ஊர்வல இரவும் செப்டம்பர் 8 திருவிழாவை ஒட்டிய வேளாங்கண்ணியும் முதல் முறைக்கு வேண்டாம். கூட்டத்தில் பிள்ளைகளை எண்ணவே நேரம் சரியாகிவிடும். கூட்டம் குறைவான ஒரு வாரநாள் காலையில் போனால்தான் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும்.