ஒரே யூஎஸ்பி போர்ட்ல மைக், கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாம் ஓட்டணுமா

வியாசர்பாடி, காசிமேடு பக்கம் வீட்லயே கானா ரெக்கார்ட் பண்ற பசங்க கேக்குறது இதான், லேப்டாப்ல உருப்படியா இருக்குறது ஒரே போர்ட், அதுல மைக், மிடி கீபோர்டு (கம்ப்யூட்டர்ல ட்யூன் வாசிக்கிற பியானோ மாதிரி கட்டை), ஸ்பீக்கர் எல்லாம் ஒண்ணா ஓடுமான்னு. ஒரு ஹப் (ஒரு போர்ட்டை பல போர்ட்டா பிரிக்கிற பொட்டி) போட்டா தாராளமா ஓடும்.

ஸ்பீடை நெனச்சு பயப்படாதீங்க. யூஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் ஸ்டீரியோ சவுண்டு சுமாரா 2.3 மெகாபிட் தான் தின்னும். மாட்டிக்கிறது கரண்ட்ல. 2.0 போர்ட் 500 மில்லிஆம்ப் தான் தரும், 3.0ன்னா 900, அதைத்தான் ஹப்ல சொருவுனது எல்லாம் பங்கு போடணும், பத்தலைன்னா பாட்டு நடுவுல மைக் டப்புனு கட் ஆகி திரும்ப வரும். அதனால பர்மா பஜார்ல ஹப் வாங்குறப்ப பக்கவாட்டுல தனியா கரண்ட் குடுக்க அடாப்டர் குத்துற ஓட்டை இருக்கான்னு திருப்பிப் பாருங்க, கலர் லைட்டு எரியுதுன்னு ஏமாறாதீங்க.

மைக் தனி யூஎஸ்பி, ஸ்பீக்கர் தனி யூஎஸ்பின்னு வாங்காதீங்க ப்ரோ. ரெண்டுக்கும் வேற வேற க்ளாக் (சவுண்டு வேகத்தை ஓட்டுற உள்கடிகாரம்), நேரம் போகப்போக சவுண்டு தள்ளிப்போகும். ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், ஸ்பீக்கர் ரெண்டையும் சொருவுற பொட்டி) வாங்குனா உள்ள வர்றதும் வெளிய போறதும் ஒரே க்ளாக்ல ஓடும்.

சொருவுற வரிசை இதான்: மொதல்ல ஹப்புக்கு அடாப்டர், அப்புறம் லேப்டாப், கடைசியா இன்டர்ஃபேஸும் கீபோர்டும். சவுண்டு கரகரன்னா ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல பஃபரை (சவுண்டை கொஞ்சம் சேத்து வெச்சு அனுப்புற அளவு) 128லருந்து 256க்கு ஏத்துங்க, ஹப்ல ஹார்ட் டிஸ்க் சொருவியிருந்தா அதைப் புடுங்கிடுங்க.