உப்புக்காற்றைத் தாங்கும் இருமொழிப் புத்தகம்

ராமேஸ்வரம் தீவின் பாம்பன், தங்கச்சிமடம் பிள்ளைகளுக்குக் கச்சான் காற்றும் வாடைக் காற்றும் அத்துப்படி. 'தென்மேற்குப் பருவக்காற்று' என்றால்தான் தடுமாறுகிறார்கள். அதனால் அவர்களுக்கான தமிழ்-ஆங்கிலப் புத்தகத்துக்கு எடுத்த ஸ்டோரிவீவர் (திறந்த உரிமத்தில் கதைகள் தரும் இணையதளம்) கதைகளில் காற்று, மீன் பெயர்களை மட்டும் ஊர்ப்பேச்சுக்கு மாற்றினேன். உரிமம் அதற்கு இடம் தருகிறது. எழுதியவர், வரைந்தவர் பெயரை அச்சிட்டே ஆகவேண்டும்.

இரு மொழியும் ஒரே பக்கத்தில் இருந்தால் கண் தமிழோடு நின்றுவிடும். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று பிரித்ததும் சரியானது.

ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம். உப்புக்காற்றில் துருவேறி நடுத்தாள் கழன்றுவிடும். நான்கு ஏ4 தாளை மடித்தால் 16 பக்கம். மடிப்பில் மூன்று துளை. வலை பின்னுகிற நைலான் நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே, கீழ்த்துளையில் வெளியே, மீண்டும் நடுவில் உள்ளே வாங்கி முடிச்சிடுங்கள். இங்க்ஜெட் மை ஈரக்கையில் கரையும். லேசர் அச்சுதான் தாங்கும்.