மேடைப் பெயரிலிருந்து உடை லேபிள் வரை: விக்டோரியா பெக்காம் போன வழியில் ஒரு பிராண்டைத் தொடங்குவது எப்படி?

2008 செப்டம்பர், நியூயார்க் ஃபேஷன் வாரம். விக்டோரியா பெக்காம் தன் சொந்த லேபிளின் முதல் தொகுப்பைக் காட்டினார். மொத்தமே 10 டிரெஸ். ராம்ப் இல்லை. சின்னச் சின்னக் குழுக்களாக வந்த பத்திரிகையாளர்களுக்கும் கடைகளுக்குச் சரக்கு வாங்கும் பையர்களுக்கும் ஒவ்வொரு உடையையும், எந்தத் துணி, ஏன் இந்த வெட்டு என்று, அவரே விளக்கினார். பாப் பாடகி ஒருவரின் பொழுதுபோக்கு என்று நினைத்து வந்தவர்கள் தையலைப் பற்றிப் பேசியபடி திரும்பினார்கள்.

அந்த 10 டிரெஸ்ஸுக்குப் பின்னால் நான்கு வருடப் பழக்கம் இருந்தது. அவர் பாடிய ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற பாப் குழு 1994இல் உருவானது, 1996இல் உலகப் புகழ் பெற்றது. 2001இல் வந்த தனி ஆல்பம் பெரிதாகப் போகவில்லை. 2004இல் ராக் அண்ட் ரிபப்ளிக் என்ற அமெரிக்க ஜீன்ஸ் நிறுவனத்துக்காக, பின்பாக்கெட்டில் கிரீடம் போட்ட ஜீன்ஸ்களை வடிவமைத்தார். 2006இல் டிவிபி என்ற பெயரில் டெனிம், கூலிங் கிளாஸ், கூடவே வாசனைத் திரவியம். அடுத்தவர் ஆலையில், அடுத்தவர் பணத்தில் வேலை கற்றுக்கொண்ட பிறகுதான் சொந்தப் பெயரை மாட்டினார். பாடும் தொழிலிலிருந்து இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

முதலில்: பெயர் யாருடையது?

மேடையில் நீங்கள் எந்தப் பெயரில் பிரபலமோ, அது சட்டப்படி உங்களுடையதாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். "பாஷ் ஸ்பைஸ்" என்பது விக்டோரியாவுக்கு ஒரு பாப் பத்திரிகை வைத்த பட்டப்பெயர். 2002இல் பீட்டர்பரோ யுனைடெட் என்ற கால்பந்து கிளப் "பாஷ்" என்ற சொல்லைப் பதிவு செய்யப் போனபோது விக்டோரியா தரப்பு எதிர்த்தது. அந்தக் கிளப்பைப் பல பத்தாண்டுகளாக ரசிகர்கள் அப்படித்தான் கூப்பிட்டு வந்தார்கள். எதிர்ப்பு எடுபடவில்லை. ஆறு வருடம் கழித்து லேபிளில் அவர் போட்டது தன் முழுப் பெயர்.

டிரேட்மார்க் பதிவு வகுப்பு வாரியாக நடக்கும். உடை, செருப்பு, தொப்பி 25ஆம் வகுப்பு. கைப்பை, தோல் பொருள் 18. நகை 14. கூலிங் கிளாஸ் 9. வாசனைத் திரவியம், ஒப்பனைப் பொருள் 3. கடை நடத்துவது, ஆன்லைன் விற்பனை 35. பலர் 25ஐ மட்டும் பதிவு செய்து நிறுத்திவிடுகிறார்கள். பிறகு பெர்ஃப்யூம் கொண்டுவர நினைக்கும்போது 3ஆம் வகுப்பில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். இந்தியாவில் தனிநபரோ சிறு நிறுவனமோ ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். 25, 35, 3 மூன்றையும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள்.

இசைக் குழுவில் இருந்தவர்கள் பழைய ஒப்பந்தங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். டி-ஷர்ட், போஸ்டர் விற்கும் உரிமையோடு சேர்த்து "பெயரும் உருவமும்" என்று எழுதிக் கொடுத்திருந்தால், அந்த உரிமை எந்தத் தேதியில் முடிகிறது என்று வக்கீலிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பெயரை வாடகைக்கு விடுவதா, கூட்டா, சொந்தமா?

வாடகை வழி என்றால் லைசென்ஸ். நீங்கள் பெயரையும் ஒப்புதலையும் தருகிறீர்கள். தயாரிப்பு, சரக்கு, நஷ்டம் எல்லாம் அவர்கள் பாடு. பொதுவாக விற்பனையில் 5 முதல் 10 சதவீதம் ராயல்டி வரும். அமெரிக்கப் பாடகி ஜெசிகா சிம்ப்சன் 2005இல் இப்படிக் காலணியில் தொடங்கி, மிகப் பெரிய வியாபாரமாக வளர்த்தார். 2015இல் பெரும்பான்மைப் பங்கு சீக்வென்ஷியல் பிராண்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது. அந்த நிறுவனம் 2021இல் திவால் பாதுகாப்புக் கோரியதும், தன் சொந்தப் பெயரின் 62.5 சதவீதப் பங்கை 6.5 கோடி டாலர் கொடுத்து மீட்க வேண்டி வந்தது. லைசென்ஸில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: நிறுவனம் கைமாறினாலோ நொடித்தாலோ பெயர் உங்களிடம் திரும்பும் என்று.

கூட்டு வழியில் ரிஹானா போனார். எல்விஎம்ஹெச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமத்தோடு 2017இல் தொடங்கிய ஃபென்டி பியூட்டி முதல் நாளே 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்து சந்தையையே மாற்றியது. அதே கூட்டில் 2019இல் வந்த ஃபென்டி ஆடம்பர உடைகள் 2021இல் நிறுத்திவைக்கப்பட்டன. அதே பெயர், அதே பண பலம். ஆனால் உடை வியாபாரம் ஓடவில்லை. இதற்கு ஒரு காரணத்தைக் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

மூன்றாவது, விக்டோரியாவின் வழி: தனி நிறுவனம். தொடக்க முதலீட்டில் அவருடைய மேலாளர் சைமன் ஃபுல்லரின் பங்கு இருந்தது. ஆடை வடிவமைப்பாளர் ரோலண்ட் மூரேயின் வழிகாட்டலும் கிடைத்தது. கட்டுப்பாடு முழுவதும் உங்கள் கையில் இருக்கும். நஷ்டமும் அப்படித்தான்.

முதல் தொகுப்பு: 10க்கு மேல் வேண்டாம்

ஒரே உடல்வாகுக்கான, ஒரே குணமுள்ள 10 உடைகள் போதும். விக்டோரியாவின் முதல் டிரெஸ்கள் உடலைப் பிடித்து நிற்பவை. உள்ளே இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கார்செட் வேலை, முதுகில் நீளமான ஜிப். லேபிளைப் பார்க்காமலே யாருடையது என்று சொல்லிவிடலாம். இந்த வகை உடையில்தான் தவறுகளும் அதிகம் என்பதால் இதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன் காடா துணியில் ஒரு முழு மாதிரி தையுங்கள். மாடல் பெண் அதை அணிந்து நிற்பது மட்டும் போதாது. உட்காரட்டும், இரண்டு கையையும் தூக்கட்டும், மாடிப்படி ஏறட்டும். பிறகு சுருக்கங்களைப் படியுங்கள். வயிற்றுக்குக் குறுக்கே நேர்கோடாக இழுத்தால் இடுப்புச் சுற்றளவு போதவில்லை. மார்பிலிருந்து பக்கவாட்டுத் தையலை நோக்கிச் சாய்வாக இழுத்தால் டார்ட், அதாவது உடல் வளைவுக்காக உள்ளே மடித்துத் தைக்கும் மடிப்பின் ஆழம் போதவில்லை. சுற்றளவைக் கூட்டினால் இது சரியாகாது, தோளில் தொளதொளப்புதான் வரும். முதுகில் இடுப்புக்கு மேல் துணி மடிந்து குவிந்தால் முதுகு நீளம் அதிகம். குவியும் அளவை ஊசி குத்திப் பிடித்து, பேட்டர்னில், அதாவது வெட்டும் அளவுத்தாளில், அதே அளவு குறையுங்கள். ஒரு உடைக்கு மூன்று மாதிரியாவது தேவைப்படும்.

உடலை இறுக்கிப் பிடிக்கும் உள் அடுக்கை, அதாவது பவர் மெஷ் என்ற இழுபடும் வலைத் துணியை, மேல் துணியைவிட 2 முதல் 3 செ.மீ. சிறியதாக வெட்ட வேண்டும். இழுவை முழுவதையும் அது தாங்கினால்தான் மேல் துணி அமைதியாக விழும். இரண்டையும் ஒரே அளவில் வெட்டினால் மேல் துணியின் தையல்தான் முதலில் பிரியும்.

நீள ஜிப் பாம்பு போல் நெளிவது அடிக்கடி நடக்கும் கோளாறு. ஜிப் நீளாது, துணி நீளும், அதனால்தான் நெளிகிறது. ஜிப் வைக்கும் இரண்டு ஓரத்திலும் 2.5 செ.மீ. அகல ஃபியூசிங் பட்டையை (சூட்டில் ஒட்டி, துணி நீளாமல் பிடிக்கும் பட்டை) முதலில் ஒட்டி அயர்ன் செய்துவிட்டு, ஜிப்பைக் கையால் ஓட்டுத்தையல் போட்டு நிறுத்திப் பார்த்து, அதன் பிறகே மெஷினில் கொடுங்கள்.

துணி வந்ததும் 50 செ.மீ. சதுரம் குறித்து, நீராவி கொடுத்தோ துவைத்தோ மறுபடி அளந்து பாருங்கள். 48.5 வந்தால் 3 சதவீதச் சுருக்கம், 70 செ.மீ. இடுப்பு 68க்கு வந்துவிடும். இதைப் பார்க்காமல் 200 பீஸ் வெட்டினால் 200ம் அரை சைஸ் சின்னதாகத்தான் வரும்.

சைஸுக்கு சைஸ் சுற்றளவில் 4 முதல் 5 செ.மீ. கூட்டுவது வழக்கம். ஆனால் பெரிய சைஸ்களுக்கு அந்த அளவிலேயே ஒரு மாடலை வைத்துத் தனியாகப் பொருத்திப் பாருங்கள். சின்ன சைஸை இழுத்துப் பெரிதாக்கினால் கழுத்து அகன்று தோளிலிருந்து நழுவும்.

விலை வைக்கும் கணக்கு

ஒரு உதாரணம். துணி 2.25 மீட்டர், மீட்டர் 1,200 என்றால் 2,700 ரூபாய். லைனிங்கும் மெஷ்ஷும் 500. ஜிப், கொக்கி, லேபிள் 300. வெட்டு, தையல் கூலி 1,500. ஆக 5,000. சேதாரத்துக்கும் பேக்கிங்குக்கும் 10 சதவீதம் சேர்த்தால் 5,500. கடைகளுக்குக் கொடுக்கும் விலை இதன் 2.2 மடங்கு, அதாவது 12,100. கடைக்காரர் அதை 2.5 மடங்காக்கி 30,250க்கு விற்பார்.

இங்கேதான் பாடகர்கள் வழுக்குகிறார்கள். ரசிகர்களுக்காக என்று நேரடியாக 14,000க்கு விற்கத் தொடங்குவார்கள். ஆறு மாதத்தில் ஒரு பெரிய கடை ஆர்டரோடு வரும். 14,000க்கு இணையத்தில் கிடைப்பதை எந்தக் கடையும் 12,100 கொடுத்து வாங்காது. கடைகளுக்குப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், முதல் நாளிலிருந்தே கடைக்காரர் விற்கும் அந்த 30,250 விலையில்தான் விற்க வேண்டும்.

பணம் சுழலும் வேகத்தையும் கணக்கில் எடுங்கள். வசந்த, கோடை உடைகளை செப்டம்பர், அக்டோபரில் காட்டுவார்கள். குளிர்கால உடைகளை பிப்ரவரி, மார்ச்சில். சரக்கு கடைக்குப் போய்ச் சேர ஐந்தாறு மாதம் ஆகும். துணிக்கும் கூலிக்கும் பணம் முன்பே போய்விடும். கடை பணம் தருவது சரக்கு சேர்ந்து 30 நாளோ 60 நாளோ கழித்து. அதற்குள் அடுத்த தொகுப்புக்குத் துணி வாங்கியாக வேண்டும். ஆர்டர் நிறைய வந்ததால் மூழ்கிய லேபிள்கள் உண்டு.

பாராட்டு வேறு, லாபம் வேறு

விக்டோரியாவின் லேபிள் 2011இல் பிரிட்டிஷ் ஃபேஷன் விருது வாங்கியது. அதே ஆண்டில் விலை குறைந்த இரண்டாவது வரிசை வந்தது. 2014இல் லண்டன் டோவர் தெருவில் சொந்தக் கடை. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் ஏறுமுகம். உள்ளே பணம் கரைந்துகொண்டிருந்தது. 2017இல் நியோ என்ற முதலீட்டு நிறுவனம் 3 கோடி பவுண்ட் போட்ட பிறகும், 2018, 2019 இரண்டிலும் ஆண்டு நஷ்டம் 1 கோடி பவுண்டைத் தாண்டியது. அலுவலகச் செடிகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 70,000 பவுண்ட் செலவானதை 2025இல் வந்த ஆவணத் தொடரில் அந்த முதலீட்டாளரே சொல்கிறார்.

மேடைத் தொழிலிலிருந்து வருபவர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். கச்சேரிப் பழக்கத்தில் செலவை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பார்ப்போம். உடைத் தொழிலில் ஒரு பீஸுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மாதாமாதம் வாடகை, சம்பளம், போட்டோ ஷூட், பயணம் எல்லாவற்றையும் கூட்டி, அந்த மாதம் விற்ற பீஸ்களால் வகுத்து ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். அந்த எண் தொடர்ந்து மூன்று மாதம் ஏறினால் புதுக் கடை, இரண்டாவது வரிசை இரண்டையும் தள்ளிப்போடுங்கள். விக்டோரியாவின் நிறுவனமும் பின்னர் இரண்டு வரிசைகளையும் ஒன்றாக்கியது.

கைகொடுத்தது 2019இல் தொடங்கிய ஒப்பனைப் பொருள்கள். 2023இல் உடை, ஒப்பனை இரண்டும் சேர்ந்த விற்பனை 8.9 கோடி பவுண்ட். 2024இல் 11 கோடியைத் தாண்டியது. ரிஹானாவின் உடை நின்று ஒப்பனை நிலைத்ததற்கும் சரக்குக் கணக்கு ஒரு காரணமாக இருக்கலாம். 10 டிரெஸ், இரண்டு நிறம், ஆறு சைஸ் என்றால் 120 வகைச் சரக்கு தேங்கும். கண் மை பென்சில் எட்டு நிறம் என்றால் எட்டே வகை. சைஸ் பொருந்தவில்லை என்று திரும்பி வராது, சீசன் முடிந்ததும் பாதி விலைக்குத் தள்ள வேண்டியதில்லை, தீர்ந்ததும் மறுபடி வாங்குவார்கள்.

இந்தப் பக்கம் வரும்போது பொருளைச் செய்து தரும் ஆலையின் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் மூன்றும் லேபிளில் இருக்க வேண்டும். கண் மை என்றால் ஒவ்வொரு பேட்சுக்கும் ஆய்வக அறிக்கை கேட்டு வாங்குங்கள். ஈயம் 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு) இருக்க வேண்டும். ஏசி அறையில் ஒட்டிப் பார்த்துவிட்டு ஒப்புதல் தராதீர்கள். வெயிலில் எட்டு மணி நேரம் பூசி, வியர்த்து, கண்ணைத் துடைத்து, கீழிமையில் இறங்குகிறதா என்று பார்த்த பிறகு ஆர்டர் போடுங்கள்.