பழைய வண்டிக்கு எந்தப் பின் சஸ்பென்ஷன்? வெட்டுவதற்கு முன் அளந்து பார்க்கும் முறை

பழைய மோட்டார் சைக்கிளை வாங்கித் தன் விருப்பப்படி மாற்றிக் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் பின்பகுதியில்தான் முதலில் கை வைக்கிறார்கள். சீட்டைத் தாழ்த்துவது, ஷாக் அப்சார்பரைச் சாய்த்து வைப்பது, இரண்டை எடுத்துவிட்டு ஒற்றை ஷாக் பொருத்துவது என்று எல்லாமே ஏதோ ஒரு படத்தைப் பார்த்து முடிவாகின்றன. அதற்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டேப்பும் பென்சிலும் ஒரு தாளும் வைத்துக்கொண்டு செய்துவிடக்கூடிய சில அளவுகளை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டாகப் பழைய 350 சிசி புல்லட்டை வைத்துக்கொள்வோம். முறை எல்லா வண்டிக்கும் ஒன்றே.

முதல் படி: இருப்பது எந்த வகை என்று அறிதல்

பின் ஆக்சில் நேராகச் சட்டகத்தில் பொருந்தியிருந்தால் அது ரிஜிட் வகை. இரண்டாம் உலகப் போர் முடியும் வரை பெரும்பாலான வண்டிகள் இப்படித்தான் இருந்தன. குலுக்கலைத் தாங்குபவை டயரும், ஸ்பிரிங் வைத்த சீட்டும், ஓட்டுநரின் இடுப்பும் மட்டுமே. பாபர் (தேவையற்ற பாகங்களைக் கழற்றித் தாழ்வாகக் கட்டிய வண்டி) கட்டுபவர்களுக்கு இந்தத் தோற்றத்தின் மேல் தீராத மோகம் உண்டு. தோற்றம் மட்டும் போதும் என்றால், ஹார்லி டேவிட்சன் 1984 மாடலாகக் கொண்டுவந்த சாஃப்டெய்ல் அமைப்பை ஒருமுறை பார்க்க வேண்டும்: ஷாக்குகள் வண்டியின் அடியில் படுத்து மறைந்திருக்க, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ரிஜிட் போலவே தெரியும்.

ஆக்சிலின் இரு முனைகளும் செங்குத்தான குழாய்களுக்குள் மேலும் கீழும் நழுவினால் அது பிளஞ்சர். 1938-இல் பிஎம்டபிள்யூவின் ஆர்51 இதைக் கொண்டிருந்தது. போருக்குப் பின் பிஎஸ்ஏ வண்டிகளிலும் வந்தது. சக்கரம் நகரும் தூரம் குறைவு என்பது ஒரு குறை. பெரிய குறை வேறு: இடப்பக்கக் குழாயும் வலப்பக்கக் குழாயும் தனித்தனியாக இயங்குவதால், உள்ளிருக்கும் புஷ் (உராய்வைத் தாங்கும் உருளை வளையம்) தேய்ந்ததும் வளைவில் சக்கரம் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும். டிரையம்ப் நிறுவனம் ஸ்பிரிங்கைச் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே அடைத்துப் பார்த்தது. அந்த ஹப் கையில் கிடைத்தால் உரிய கருவி இல்லாமல் திறக்கவே கூடாது. அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் கையைப் பதம் பார்த்துவிடும்.

மூன்றாவது, நாம் அனைவரும் அறிந்த ஸ்விங் ஆர்ம்: முன்முனை சட்டகத்தில் சுழல, பின்முனையில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை; இரு பக்கமும் ஒவ்வொரு ஷாக் அதைத் தாங்கும். ராயல் என்ஃபீல்டு தன் புல்லட்டை 1948-இல் இங்கிலாந்தில் வெளிக்காட்டியபோது, போட்டி நிறுவனங்கள் பல பிளஞ்சரிலேயே நின்றுகொண்டிருந்தன. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, பிறகு திருவொற்றியூரிலிருந்து வந்த வண்டிகளிலும் அதே இரட்டை ஷாக் அமைப்புதான். ஆகவே நம் ஊரில் புல்லட்டோ, மைசூரில் தயாரான ஜாவாவோ வைத்திருப்பவர் தொடங்குவது நல்ல இடத்திலிருந்துதான்.

நான்காவது, பின் ஆர்ம் சீட்டுக்கு அடியிலுள்ள ஷாக்கை அழுத்தும் கான்டிலீவர் அமைப்பு. இதைப் புதிய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் வின்சென்ட் வண்டிகளை உருவாக்கிய பிலிப் வின்சென்ட் 1928-லேயே முக்கோண வடிவப் பின் ஆர்மை அமைத்து, ஸ்பிரிங்குகளைச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸின் யோசனையை யமஹா வாங்கி, 1973-இல் மோட்டோகிராஸ் என்னும் மண்தடப் பந்தயக் களத்தில் ஒற்றை ஷாக்காக இறக்கிய பிறகே அது உலகெங்கும் பேசப்பட்டது.

இரண்டாம் படி: ஆர்மை விடுவித்துப் பார்த்தல்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு ஷாக்குகளையும் செயினையும் கழற்றிவிட வேண்டும். இப்போது ஆர்மின் பின்முனையைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினால் கையில் எந்த லொடலொடப்பும் தெரியக் கூடாது. தெரிந்தால் முதல் செலவு ஆர்ம் புஷ்ஷுக்குத்தான். எவ்வளவு விலை கொடுத்து ஷாக் வாங்கினாலும், தேய்ந்த புஷ்ஷோடு அது வளைவில் வண்டியை நேராக நிறுத்தாது.

மூன்றாம் படி: விகிதத்தை அளத்தல்

இதுதான் இந்த வேலையின் உயிர். அவசரப்படாமல் செய்ய வேண்டும். சக்கரம் 40 மி.மீ. உயரும்போது ஷாக் எத்தனை மி.மீ. அழுந்துகிறது என்பதே நமக்குத் தேவை. ஆர்மைச் சாதாரணமாக நிற்கும் உயரத்தில் மரக்கட்டை கொடுத்து நிறுத்தி, ஷாக்கின் மேல் போல்ட் மையத்துக்கும் கீழ் போல்ட் மையத்துக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆக்சில் சரியாக 40 மி.மீ. உயரும்படி ஆர்மைத் தூக்கி அதே தூரத்தை மீண்டும் அளக்க வேண்டும். தூரம் 34 மி.மீ. குறைந்திருந்தால் விகிதம் 34/40, அதாவது 0.85.

ஸ்பிரிங்கின் பலம் சக்கரத்தில் எவ்வளவாக உணரப்படும் என்பதற்கு, இந்த விகிதத்தை அதனாலேயே பெருக்கி, ஸ்பிரிங்கின் பலத்தோடு பெருக்க வேண்டும். ஒரு மி.மீ. அழுத்த 2 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங் இரண்டு இருந்தால் மொத்தம் 4 கிலோ. 0.85 × 0.85 × 4 என்பது ஏறத்தாழ 2.9 கிலோ.

இப்போது படத்தில் பார்த்தபடி ஷாக்கின் மேல் முனையை முன்னுக்கு நகர்த்தி, 45 பாகை சாய்வில் வைப்பதாகக் கொள்வோம். மேல் போல்ட் வரப்போகும் இடத்தைச் சட்டகத்தில் சாக்பீஸால் குறித்து, அங்கிருந்து அதே அளவை எடுத்தால் 40-க்கு 26 மி.மீ. போல வரும். விகிதம் 0.65, சக்கரத்தில் கிடைப்பது 1.7 கிலோ. ஸ்பிரிங்கை மாற்றவே இல்லை, ஆனால் வண்டி நாற்பது விழுக்காட்டுக்கு மேல் மெத்தென்று ஆகிவிட்டது. பழைய அளவு வேண்டுமென்றால் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 2 கிலோவுக்குப் பதில் 3.4 கிலோவாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்குத் தெரியாமல் என் முதல் வண்டியில் ஷாக்கைச் சாய்த்தேன். தனியாக ஓட்டியபோது சுகமாகத்தான் இருந்தது. பின்னால் நண்பர் ஏறிய முதல் நாள், வேகத்தடையில் இறங்கியதும் ரப்பர் கருகும் வாடை வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மட்கார்டின் உட்புறத்தில் ஒரு விரலகலத்துக்குப் பெயின்ட் போய்த் தகடு பளபளத்துக்கொண்டிருந்தது.

இதே விளைவைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டது இங்கிலாந்தின் வெலோசெட் நிறுவனம். அதன் 1950-களின் வண்டிகளில் ஷாக்கின் மேல் முனை வளைந்த பிளவு ஒன்றில் நகரும். பின்னால் ஆள் ஏறினால் ஷாக்கை நிமிர்த்திக் கெட்டியாக்கலாம். தனியாகப் போகும்போது முன்னுக்குச் சாய்த்து மென்மையாக்கலாம். ஸ்பிரிங்கைத் தொடாமல் விகிதத்தை மட்டும் மாற்றும் இந்த ஏற்பாட்டை விட எளிமையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

நான்காம் படி: ஒற்றை ஷாக்கின் சுமையைக் கணக்கிடுதல்

கான்டிலீவராக மாற்ற நினைப்பவர் அதே அளவை அங்கும் எடுக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் வைக்கும் ஷாக், சக்கரம் 40 மி.மீ. உயரும்போது 16 மி.மீ. மட்டுமே அழுந்துகிறது என்று வைத்துக்கொண்டால் விகிதம் 0.4. சக்கரத்தில் அதே 2.9 கிலோ கிடைக்க, ஸ்பிரிங் ஏறத்தாழ 18 கிலோவாக இருக்க வேண்டும். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய ஷாக்கைக் கண்ணளவில் பொருத்துவது ஏன் சரிவராது என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

அதைவிட முக்கியமானது சட்டகத்தின் மேல் விழும் சுமை. சக்கரத்தில் 100 கிலோ ஏறும்போது, இரட்டை ஷாக்கில் மேல் போல்ட் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 59 கிலோவைத் தாங்கும். ஒற்றை ஷாக்கில் ஒரே போல்ட் 250 கிலோவைத் தாங்க வேண்டும். அதுவும் அந்த வேலைக்கென்று செய்யப்படாத ஒரு குழாயில். பள்ளத்தில் விழும்போது இது பல மடங்காகும். ஆகவே ஒற்றை ஷாக் வேண்டுமென்பவர் ஆர்முக்கும் சட்டகத்துக்கும் முக்கோணத் தாங்கிகள் கொடுத்தே ஆக வேண்டும். முதன்முறையாக வண்டி கட்டுபவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. நிமிர்ந்த இரட்டை ஷாக்கில் நல்ல தரமானதை வாங்கிப் போடுவதே பணத்துக்குத் தகுந்த பலன்.

வெல்டிங் என்று வந்தபின் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்கள் நிறுவனம் குறித்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. சட்டகத்தை வெட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: செயின்

கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பற்சக்கரத்தின்) மையமும் ஆர்ம் சுழலும் மையமும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இதனால் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது செயின் இறுகித் தளரும். மூன்று மையங்களும் (ஸ்பிராக்கெட், ஆர்மின் சுழல் மையம், ஆக்சில்) ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். ஆர்ம் 480 மி.மீ. நீளமும், ஸ்பிராக்கெட் 60 மி.மீ. முன்னாலும் இருந்தால், அந்த நேர்கோட்டு நிலையிலிருந்து சக்கரம் 100 மி.மீ. இறங்கும்போது ஸ்பிராக்கெட்டுகளுக்கு இடையிலான தூரம் 1.2 மி.மீ. மட்டுமே குறைகிறது. அந்தச் சிறு தூரம் போதும், இறுக்கமாக நின்ற செயின் நடுவில் 20 மி.மீ.க்கு மேல் தொங்குவதற்கு.

ஆகவே ஷாக் இல்லாத இந்த நிலையிலேயே சக்கரத்தோடு செயினை மாட்டி, மூன்று மையங்களும் நேராக நிற்கும் உயரத்துக்கு ஆர்மைத் தூக்கி, அங்கே சிறிதளவு தளர்வு இருக்கும்படி சரிசெய்ய வேண்டும். ஸ்டாண்டில் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், ஆள் உட்கார்ந்ததும் செயின் கம்பிபோல் விறைத்துக் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும்.

ஆறாம் படி: இடைவெளியும் அமுங்கலும்

சக்கரம் மாட்டிய அதே நிலையில், ஷாக் முழுவதும் அழுந்தினால் ஆர்ம் எங்கே நிற்குமோ அங்கே வரை தூக்கிப் பிடித்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். டயர் வேகத்தில் சற்றுப் பெருக்கும். அதனால் 15 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் நான் விடமாட்டேன்.

ஷாக்குகளை மாட்டிய பின், சக்கரம் தரையைத் தொடாத நிலையில் ஆக்சில் மையத்திலிருந்து மட்கார்டில் வைத்த குறிவரை அளந்துகொண்டு, வழக்கமான உடையோடு ஓட்டுநர் ஏறி அமர, இன்னொருவரை மீண்டும் அளக்கச் சொல்ல வேண்டும். சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்தப் பயணத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை அமுங்கலாம், 75 மி.மீ. பயணமுள்ள வண்டியில் அது 20 முதல் 25 மி.மீ. ஷாக்கின் அடியிலுள்ள வளையத்தைத் திருகி இந்த அளவைக் கொண்டுவர முடியவில்லை என்றால் ஸ்பிரிங் மாற வேண்டும். அமுங்கல் சரியானதும், ஓட்டுநர் அமர்ந்த நிலையிலேயே செயினை மீண்டும் ஒருமுறை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே வண்டியைச் சாலைக்கு எடுக்கலாம்.