ஓக்கியில சாஞ்ச வாழையும் ஒரு நோட்டும்: விட்ட தப்ப திரும்ப விடாம இருக்க

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல வாழை போடுறவங்களுக்காக எழுதுறேன், குறிப்பா முதல் தடவ ஏத்தன் (நேந்திரம் வாழை) போடுற தம்பிமாருக்கு.

நஷ்டம் வந்தா அந்த வாரமே ஒரு நோட்டுல எழுதிருங்க. ஆறு மாசம் போச்சுன்னா எல்லாத்தையும் காத்து மேல போட்டுருவோம், நாம விட்டது மறந்துரும். 2017 நவம்பர் 30 ஓக்கி புயல் அடிச்சு முடிஞ்சு கரண்டு இல்லாம கெடந்த ராத்திரி, மனசு வெப்ராளத்தோட மெழுகுதிரி வெளிச்சத்துல எழுதுனேன். பக்கத்துக்கு நடுவுல ஒரு கோடு, இந்தப் பக்கம் காத்து செஞ்சது, அந்தப் பக்கம் நான் செய்யாம விட்டது. வாழை சாயாம இருக்க கம்பு வச்சு முட்டு குடுக்கல. குலை தள்ளுன வாழை எத்தனைன்னு கணக்கு இல்ல. இன்சூரன்ஸ் போடல. விழுந்தத போட்டோ எடுக்காமலே வெட்டி ஒதுக்கிட்டேன், பிறகு நிவாரணத்துக்கு அலைஞ்சப்போ காட்ட கையில ஒண்ணும் இல்ல.

எழுதும்போது நேரத்தையும் எழுதுங்க, அதுலதான் விஷயம் இருக்கு. 29ஆம் தேதி காற்றழுத்த தாழ்வு மண்டலம்னு சொன்னது 30 காலையில புயலாயிட்டு, ஒரு நாள் கூட முழுசா கெடைக்கல, அப்போ நியூஸ் கேட்டுட்டு கம்பு வாங்க ஓடுனா எப்படி நடக்கும்? அதனால "அடுத்த தடவ கவனமா இருக்கணும்"னு எழுதாதீங்க, அது எதுக்கும் உதவாது. "குலை தள்ளுன வாரமே முட்டு" அப்படி எழுதுங்க. ஏத்தன் வெட்ட பத்து பதினோரு மாசம் ஆகும்லா, கன்னு வைக்கிற அன்னைக்கே எண்ணிப் பாருங்க, குலை தொங்குற நேரம் ஆனி ஆடிக் காத்துலயா ஐப்பசி கார்த்திகையிலயா வந்து நிக்குதுன்னு.

இன்சூரன்ஸ் பத்தி சுருக்கமா: பிரதம மந்திரி பயிர்க் காப்பீடு 2016ல வந்தது, தோட்டப்பயிருக்கு நம்ம பங்கு கூடிப்போனா 5 சதவீதம். கடைசி தேதிய தோட்டக்கலை ஆபீஸ்ல கேட்டு நோட்டோட முதல் பக்கத்துலயே எழுதி வையுங்க.

இன்னொண்ணு கேட்டியளா, நான் ரெண்டாவதும் அடி வாங்குனேன். ஓக்கிக்குப் பிறகு காத்துக்கு மட்டும் பயந்து கம்பு கயிறுன்னு எல்லாம் ரெடி பண்ணினேன், 2021 நவம்பர்ல வந்தது வெள்ளம். வடிகால் ஒண்ணும் வெட்டல, தண்ணி நின்னு வேரு அழுகி முட்டு குடுத்த வாழையே மஞ்சளாயிட்டு. அன்னைக்கு முழுசா அழுதேன். அதனால இப்போ ஒவ்வொரு தப்புக்குக் கீழயும் ஒரு கேள்வி எழுதுறேன், காத்துக்குப் பதிலா தண்ணி வந்தா, தண்ணிக்குப் பதிலா வெயில் வந்தா இந்த விளையில மொதல்ல எது போகும்னு. வெள்ளம் ஏறுன உயரத்த பம்புசெட்டு சுவத்துல பெயிண்ட்ல கோடு போட்டும் வச்சிருக்கேன்.

நோட்டு அலமாரியில கெடந்தா பிரயோஜனம் இல்ல. புரட்டாசி பிறந்ததும் வீட்டுல எல்லாரும் இருக்கும்போது சத்தமா வாசிங்க, வாசிச்ச கையோட மம்பட்டிய எடுத்து வடிகாலத் தூர்வாருங்க, முட்டுக்கு வேண்டிய கம்பையும் அந்த வாரமே வாங்கி எறக்கிருங்க.