விரால் உள்ள குளத்தில் தாராக்குஞ்சு வளர்ப்பது எப்படி

குளத்தில் தாராக்குஞ்சு (வாத்துக்குஞ்சு) குறைந்தால் ஊரில் முதலில் காகத்தையும் பருந்தையும்தான் திட்டுவார்கள். கொஞ்சம் விவரமான ஆள் என்றால் கபரக்கொய்யாவை, அதுதான் தண்ணீர் உடும்பை, சொல்வார். மீன் என்று நான் சொன்னால் சிரிப்பு. "தாரா மீனத் தின்னும் அக்கா, மீன் தாராவத் தின்னுமா?" என்று தம்பலகாமத்தில் என்னைக் கேட்காத ஆள் குறைவு.

தின்னும். பிரான்ஸில் அல்பி என்ற ஊரில் தார்ன் ஆற்றுக் கெளுத்திகள், தண்ணீர் குடிக்க இறங்கும் புறாக்களைக் கரைக்கே பாய்ந்து பிடிக்கின்றன. வெல்ஸ் கெளுத்தி என்று அந்த இனத்துக்குப் பெயர். ஆராய்ச்சியாளர்கள் 2012இல் வெளியிட்ட கணக்கில் 54 பாய்ச்சல்கள், அதில் நூற்றுக்கு 28 பலித்திருக்கிறது. எனக்கு உதவிய விசயம் வேறு: அசையாமல் நின்ற புறாவை, அது பக்கத்தில் நின்றாலும், மீன் தொடவில்லை. தண்ணீரைக் கலக்கிய புறாவைத்தான் பிடித்தது. தாராக்குஞ்சு தண்ணீரில் ஒரு நிமிடம் சும்மா இருக்குமா?

நம் பக்கத்தில் இரண்டு மீனைத்தான் பார்க்க வேண்டும். வாளை ஆற்றிலும் பெருங்குளத்திலும் கிடக்கிற மீன், இரவில் இரை தேடும். பொழுதுபட முன் தாராக்களை அடைத்துவிட்டால் அதோடு நமக்கு வழக்கில்லை. மிச்சமிருப்பது விரால். அது சின்னக் குளம், வாய்க்கால், மடு எங்கும் இருக்கும், பகலிலும் பாயும்.

கள்ளன் யார் என்று முதலில் பிடியுங்கள். பருந்து தூக்கினால் தாய் கத்துகிற கத்தலில் தெருவுக்கே கேட்கும். கபரக்கொய்யா கரையால் வரும், சேற்றில் வால் இழுபட்ட கோடு இருக்கும், முட்டையையும் விடாது. குஞ்சு கால் கடிபட்டு நொண்டி வந்தால் ஆமையைச் சந்தேகப்படலாம். விரால் அப்படி எதையும் விட்டுப்போகாது. வரிசையில் கடைசியாகப் போன குஞ்சு இருந்த இடத்தில் 'களுக்' என்று ஒரு சத்தம், ஒரு வட்டம், அவ்வளவுதான். இறகுகூட மிதக்காது. மற்றதுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கரைக்கு ஓடிவரும், பிறகு தண்ணீரில் இறங்க மாட்டாது. வளர்ந்த தாராவே காணாமல் போனால் அது முதலையாக இருக்கலாம். அந்தக் குளத்தில் தாராவும் வேண்டாம், நீங்களும் குளிக்க இறங்க வேண்டாம்.

குளத்தில் விரால் எங்கே கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள வலை தேவையில்லை. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றுக் குடித்தே ஆக வேண்டும். காற்று எழும்ப முன், காலையில் குளக்கட்டில் குந்தியிருந்து பாருங்கள். தாமரை இலைக்கும் பன்புல்லுக்கும் ஓரமாக மூக்கு நுனி ஒருக்கா தெரிந்து மறையும். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் திரும்பவும் வரும். அதுதான் அதன் வீடு, தாராவை இறக்கும் துறை அதற்கு எதிர்க்கரையில் இருக்கட்டும்.

மேல் தண்ணீரில் செம்மஞ்சளாகக் குங்குமம் கொட்டின மாதிரி ஒரு கூட்டம் அசைந்து போனால் இன்னும் கவனம். அது விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்கும், கிட்டப் போகிறது எதுவானாலும் பாயும். விழுங்க முடியாத பருமனில் உள்ள தாராவையும் அடிக்கும், ஏனென்றால் அப்போது அது பசியில் பாயவில்லை. அந்தக் குஞ்சுகள் சிவப்பு மாறிக் கறுத்து, சிதறிப் போகும்வரை அந்தப் பக்கத்தை மறந்துவிடுங்கள்.

இனி வயது. விரால் பல்லுள்ள மீன்தான், ஆனாலும் இரையை முழுசாகவே விழுங்கப் பார்க்கும். ஆகவே கணக்கு வாயளவில்தான் இருக்கிறது. சந்தையில் ஒரு கிலோ விராலின் வாயை விரித்துப் பாருங்கள், பொரித்த அன்றைய குஞ்சு அதற்கு ஒரு வாய். முதல் இரண்டு கிழமை குளமே வேண்டாம். அகலத் தட்டில் தண்ணீர் வையுங்கள், நடுவில் கூழாங்கல் போடுங்கள். சொண்டும் மூக்கும் நனைந்தால் போதும். கோழியில் அடை வைத்துப் பொரித்த குஞ்சென்றால் இது இரட்டிப்பு அவசியம். தாய்த்தாராவின் எண்ணெய் அதன் தூவியில் படாததால் நனைந்து விறைத்துச் செத்துப்போகும், அதற்கு மீன் தேவையில்லை.

மூன்றாம் கிழமைக்குப் பிறகு கரையோரம் ஒரு அடைப்புப் போடலாம். முழங்காலுக்குக் கீழ் தண்ணீர் நிற்கிற இடம், பாசி வழித்து அடி தெரிகிற இடம். கதியால் நட்டு, பெருவிரல் நுழையாத கண்ணுள்ள பிளாஸ்ரிக் வலையைச் சுற்றிக் கட்டி, அதன் அடியை ஒரு சாண் சேற்றுக்குள் இறக்கிக் கல் வையுங்கள். சேற்றைக் கிளறி அடியால் வருவது விராலுக்குப் புதிதல்ல. கிண்ணியாவில் பழைய மீன்வலை சும்மாவே தருவார்கள், ஆசைப்பட்டு வாங்காதீர்கள். அந்த மெல்லிய நைலோன் நூலில் குஞ்சின் காலும் கழுத்தும் சிக்கினால் அவிழ்க்க முடியாது. மேலே ஒரு பாதியைக் கிடுகால் மூடினால் வெயிலுக்கும் ஆகும், பருந்துக்கும் ஆகும்.

இறகு முழுதாக முளைத்தபின், ஏழெட்டுக் கிழமையில், திறந்துவிடலாம். என்னைக் கேட்டால் அப்போதும் முதலில் குளத்தில் விட மாட்டேன், வயலில்தான். நெற்பயிர் வேர் பிடித்தபின், குடலை (விரியாத கதிர்) தள்ள முன், கணுக்கால் தண்ணீரில் பெரிய விரால் மறைய இடமில்லை. தாரா பூச்சியையும் நத்தையையும் பொறுக்கும். பக்கத்து வயல்காரர் மருந்து அடித்தாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விராலைப் பிடித்துவிடலாமே என்பார்கள். பிடிக்கலாம், தவளை கோர்த்த தூண்டிலுக்கு அது வராமல் இருக்காது, குழம்பு வைத்தால் வீடே மணக்கும். ஆனால் ஒன்றைப் பிடித்த இடத்துக்கு மழைக்காலத்தில் இன்னொன்று வந்துவிடும், ஈர இரவில் தரையால்கூட நெளிந்து போகிற மீன் அது. நஞ்சு கலக்கிற ஆட்களோடு மட்டும் சேராதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் மாடும் குடிக்கிறது, நாளைக்கு உங்கள் தாராவும் குடிக்கும்.

கடைசியாகக் காலம். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி மடுவாகும்போது அத்தனை மீனும் ஒரே இடத்தில் நெருங்கி, பசியோடு நிற்கும். அந்த நேரத்தில் பொரிக்கிற மாதிரி அடை வைக்காதீர்கள். தாரா முட்டைக்கு 28 நாள் என்று எண்ணி, வளர்ந்த குஞ்சு மாரித் தண்ணீருக்கு இறங்குகிற மாதிரி பின்னோக்கிக் கணக்குப் பாருங்கள். மணிலாத் தாரா என்றால் 35 நாள்.