எந்தச் செயலி எதைப் பார்க்கிறது? உங்கள் ஃபோனை நீங்களே சரிபார்க்கும் வழி

புதிதாக ஒரு செயலியைப் போட்டதும் திரையில் வரிசையாகக் கேள்விகள் வரும். தொடர்புகளைப் பார்க்கலாமா? இருப்பிடத்தை அறியலாமா? மைக்கைப் பயன்படுத்தலாமா? வேலை முடிந்தால் போதும் என்று எல்லாவற்றுக்கும் ‘அலவ்’ கொடுத்துவிடுகிறோம். கொடுத்ததை மறந்தும் விடுகிறோம்.

2013இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ஒரு டார்ச் செயலியின் மீது நடவடிக்கை எடுத்தது. கோடிக்கணக்கானவர்கள் தரவிறக்கியிருந்த செயலி அது. விளக்கு எரியவைப்பதுதான் அதன் வேலை. ஆனால் ஃபோன் இருக்கும் இடத்தையும் அந்த ஃபோனுக்கே உரிய அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு செயலி எதையாவது கேட்கும்போதெல்லாம் ‘உன் வேலைக்கு இது எதற்கு?’ என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு கேள்வியிலிருந்து வருபவைதான்.

ஓர் அரை மணி நேரம் ஒதுக்கி, ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள். செட்டிங்ஸில் உள்ள பெயர்கள் ஃபோனுக்கு ஃபோன் கொஞ்சம் மாறும். நான் சொல்லும் பெயர் கண்ணில் படாவிட்டால் செட்டிங்ஸில் இருக்கும் தேடல் பெட்டியில் தேடுங்கள், வந்துவிடும்.

படி 1: பயன்படுத்தாதவற்றை நீக்குங்கள்

மூன்று மாதமாகத் திறக்காத செயலி உங்களுக்குத் தேவையில்லை. நீக்கிவிடுங்கள். ஆனால் ஒன்று: செயலியை நீக்கினால் அதில் நீங்கள் தொடங்கிய கணக்கு அழியாது. உங்கள் பெயர், எண், படங்கள் எல்லாம் அந்தச் செயலி நிறுவனத்தின் சர்வரில் அப்படியே இருக்கும். அதனால் முதலில் செயலிக்குள் போய் ‘டெலீட் அக்கவுண்ட்’ கொடுங்கள், அப்புறம் செயலியை நீக்குங்கள். கணக்குத் தொடங்க வைக்கும் செயலிகள் கணக்கை அழிக்கும் வசதியையும் செயலிக்குள்ளேயே தர வேண்டும் என்று ஆப்பிள் 2022 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது.

படி 2: அனுமதிகளைப் பாருங்கள்

ஒவ்வொரு செயலியாகத் திறந்து பார்த்தால் அலுத்துவிடும். அனுமதி வாரியாகப் பார்ப்பது எளிது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், பிரைவசி, பெர்மிஷன் மேனேஜர் என்று போங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’. மைக் என்பதைத் தொட்டால் மைக் அனுமதி பெற்ற செயலிகள் எல்லாம் ஒரே பட்டியலில் வரும். அங்கே கால்குலேட்டரோ வால்பேப்பர் செயலியோ இருந்தால் உடனே அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள்.

இருப்பிடத்துக்கு ‘எப்போதும்’ என்ற அனுமதி மிகச் சில செயலிகளுக்குத்தான் தேவை. மற்றவற்றுக்கு ‘பயன்படுத்தும்போது மட்டும்’ போதும். அதிலும் வானிலை செயலிக்கு நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதாதா? எந்தத் தெரு என்பது எதற்கு? ஆண்ட்ராய்டு 12இலும் அதற்குப் பிந்தையவற்றிலும், ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும், துல்லியமான இருப்பிடத்தை மறைத்துத் தோராயமாக மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. வழிகாட்டும் மேப் செயலிக்கு மட்டும் துல்லியத்தை விட்டுவைத்து, மற்றவற்றுக்கு அணைத்துவிடுங்கள்.

படங்களிலும் இதே கதைதான். முழு ஆல்பத்தையும் திறந்துவிட வேண்டியதில்லை. தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்டும் வசதி ஐபோனிலும் ஆண்ட்ராய்டு 14 முதலும் உண்டு.

தொடர்புகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பது உங்கள் தகவல் மட்டுமல்ல. தோழியின் எண், மருத்துவரின் எண், அக்காள் மகளின் எண் எல்லாம் அதில் இருக்கின்றன. அவர்கள் யாரும் அந்தச் செயலிக்குச் சம்மதம் சொல்லவில்லை. விளையாட்டுச் செயலிக்காக அவர்கள் எண்களைக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மறுத்தால் செயலி ஓடாமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒரு வசதி மட்டும்தான் வேலை செய்யாமல் போகும். உண்மையிலேயே தேவைப்பட்டால் செட்டிங்ஸில் போய்த் திரும்பவும் கொடுத்துக்கொள்ளலாம்.

படி 3: பெரிய சாவிகள்

கேமராவுக்கும் மைக்குக்கும் எல்லோரும் பயப்படுகிறார்கள். பணத்தைப் பறிகொடுக்க வைப்பவை பெரும்பாலும் வேறு சில அனுமதிகள். அவற்றைப் பற்றிப் பலருக்குத் தெரிவதே இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. இந்தப் படி ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கானது.

முதலாவது ஆக்சஸிபிலிட்டி. பார்வை குறைந்தவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டவும், விரலால் தொட முடியாதவர்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் உருவான அருமையான வசதி அது. அதே காரணத்தால், இந்த அனுமதி கிடைத்த மோசடிச் செயலி உங்கள் திரையை வாசிக்கும். நீங்கள் அழுத்த வேண்டிய பொத்தானைத் தானே அழுத்தும். வங்கிச் செயலியைக் குறிவைக்கும் மால்வேர்கள், அதாவது திருட்டு வேலைக்கென்றே எழுதிய செயலிகள், பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டியைத் திறந்து, அங்கே எந்தெந்தச் செயலிகள் ‘ஆன்’ என்று இருக்கின்றன என்று பாருங்கள். நீங்கள் தெரிந்தே போட்டது இல்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ். வங்கியிலிருந்து வரும் ஓடிபி முதலில் நோட்டிஃபிகேஷனாகத்தான் எட்டிப்பார்க்கிறது. அதைப் படிக்கும் அனுமதி கிடைத்தால் பல ஃபோன்களில் குறுஞ்செய்தி அனுமதியே தேவையில்லை. கைக்கடிகாரத்தோடு இணைக்கும் செயலிக்கு இது வேண்டும். போட்டோ எடிட்டருக்கு எதற்கு? எஸ்எம்எஸ் அனுமதிப் பட்டியலையும் இதே கண்ணோடு பாருங்கள்.

மூன்றாவது, ‘இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்’. பிளே ஸ்டோர் போன்ற கடைக்கு வெளியிலிருந்து செயலிகளைப் போட விடும் அனுமதி இது. இதில் பிரவுசர், மெசேஜிங் செயலி என்று எது இருந்தாலும் அனுமதியை எடுத்துவிடுங்கள். மெசேஜில் வரும் ஏபிகே கோப்பு (திறந்தால் செயலியாகப் பதியும் கோப்பு) கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வந்தாலும், அபராத ரசீது என்ற பெயரில் வந்தாலும், தெரிந்தவர் எண்ணிலிருந்தே வந்தாலும் திறக்காதீர்கள். அவர் ஃபோன் ஏற்கெனவே மோசடிக்காரர் கையில் இருக்கலாம். ஆண்ட்ராய்டு 13 முதல், இப்படி வெளியிலிருந்து வந்த செயலி ஆக்சஸிபிலிட்டி கேட்டால் ‘ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்’ என்று ஃபோன் தடுக்கிறது. அந்தத் தடையை எப்படி நீக்குவது என்று யாராவது ஃபோனில் பேசிக்கொண்டே சொல்லித்தந்தால், பேச்சை அங்கேயே துண்டியுங்கள்.

சந்தேகப்படும் செயலி நீக்க முடியாமல் அடம்பிடித்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு ஃபோனை சேஃப் மோடில் திறங்கள். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் பவர் பொத்தானை அழுத்தி, திரையில் வரும் ‘பவர் ஆஃப்’ என்பதைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு கேட்கும். அதில் நீங்கள் போட்ட செயலிகள் ஓடாது. ஃபோனைக் கட்டுப்படுத்தும் உரிமை பெற்ற செயலிகளைக் காட்டும் ‘டிவைஸ் அட்மின்’ பட்டியலில் அந்தச் செயலி இருந்தால் அங்கே அணைத்துவிட்டு நீக்குங்கள். கடவுச்சொற்களை வேறொரு ஃபோனிலோ கணினியிலோ மாற்றுங்கள், வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.

படி 4: பூட்டு

ஆறு இலக்க பின் வையுங்கள், பிறந்த தேதி வேண்டாம். பூட்டிய திரையில் நோட்டிஃபிகேஷன் உள்ளடக்கம் தெரியாதபடி மறையுங்கள். வாட்ஸாப்பில் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ போட்டால், உங்கள் எண்ணுக்கு வரும் குறியீடு யாருக்காவது கிடைத்தாலும் நீங்கள் அதில் தனியாக வைத்த ஆறு இலக்க பின் இல்லாமல் அவர் உள்ளே வர முடியாது. உங்கள் வாட்ஸாப் வேறு எந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று காட்டும் ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலையும் பாருங்கள். தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள்.

மின்னஞ்சலுக்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு அவசியம். எல்லாக் கணக்கின் கடவுச்சொல்லையும் மீட்கும் வழி அங்கேதான் இருக்கிறது. முடிந்தால் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக, நுழைவுக் குறியீட்டை ஃபோனிலேயே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியைப் பயன்படுத்துங்கள். உங்கள் எண்ணை ஏமாற்றி வேறு சிம்முக்கு மாற்றிவிட்டாலும் அதிலுள்ள குறியீடு போகாது.

படி 5: சின்னச் சின்ன வேலைகள்

ஆண்ட்ராய்டில் பிரைவசிக்குள் ‘ஆட்ஸ்’ என்பதைத் திறந்து விளம்பர ஐடியை (விளம்பர நிறுவனங்கள் உங்களை அடையாளம் காணும் எண்ணை) அழியுங்கள். ஐபோனில் ‘டிராக்கிங்’ என்பதில், உங்களைப் பின்தொடரலாமா என்று செயலிகள் கேட்பதையே அணைக்கலாம். அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இனி திரையின் மேல் மூலையைக் கவனித்துப் பழகுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், கேமராவோ மைக்கோ ஓடும்போது பச்சை அடையாளம் தெரியும். ஐபோனில் கேமராவுக்குப் பச்சைப் புள்ளி, மைக்குக்கு ஆரஞ்சுப் புள்ளி. நீங்கள் யாரோடும் பேசாதபோது அது தெரிந்தால், மேலிருந்து திரையைக் கீழே இழுங்கள். எந்தச் செயலி என்று பெயரோடு காட்டும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு படி 2க்குப் போங்கள்.